இருபதில் ஒரு வெங்காயத் தோட்டம்

பாடசாலைக் கண்காட்சி என்றால் 'மாதிரிப் பண்ணை' மேசை ஒன்று கட்டாயம் இருக்கும். பச்சைக் கடதாசி விரித்து, ஒரு குடிசை வைத்து, வாசலில் அந்தக் குடிசையின் கதவைவிட உயரமான ஒரு கோழியை நிறுத்தியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு தென்னை, கோழிக்கு இரண்டு மடங்கு உயரம். அந்தக் கோழி உண்மையில் இருந்தால் ஊரே பெட்டி கட்டிக்கொண்டு ஓடியிருக்கும். நன்றாகச் செய்த பொம்மைகள்தாம். ஆனால் ஒவ்வொன்றையும் வேறுவேறு அளவில் சுருக்கியதால் சேர்த்து வைக்கும்போது பொய்யாகிவிடுகின்றன.

பிள்ளைகளே, இந்த முறை பொய் சொல்லாத ஓர் அறுவடைக் காட்சி செய்து பார்ப்போம். தூரத்து நாட்டுக் கோதுமை வயல் நமக்கு எதற்கு? கற்பிட்டிக் குடாநாட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கும் ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: அந்த மணலில்தான் வெங்காயமும் கொச்சிக்காயும் பீற்றூட்டும் விளைகின்றன. உப்புத் தண்ணீர் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது. இது எப்படி என்பதையும் நம்முடைய மேசை காட்ட வேண்டும்.

முதலில் பசையும் வேண்டாம், வர்ணமும் வேண்டாம். ஓர் எண் வேண்டும்.

எத்தனை மடங்கு சுருக்கப் போகிறோம்? காட்சியில் மிகச் சிறிய பொருள் வெங்காயக் குமிழ், ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். மிகப் பெரியது தென்னை, 18 மீற்றர் என்று வைப்போம். 50 மடங்கு சுருக்கினால் வெங்காயம் அரை மில்லிமீற்றர் சொச்சமாகி, பார்க்க வருகிறவருக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுக்க வேண்டிவரும். 10 மடங்கு மட்டும் சுருக்கினால் தென்னை 1.8 மீற்றர் உயர்ந்து வகுப்பறை விசிறியில் மாட்டிக்கொள்ளும். 20 என்றால் இரண்டுக்கும் ஒத்துவருகிறது. தென்னை 90 சென்ரிமீற்றர், குமிழ் ஒன்றரை மில்லிமீற்றர். ஒன்றரை மில்லிமீற்றரில் உருண்டையான பொருளுக்கு எங்கே போவது? அடுப்படிக்கு. கடுகு அந்த அளவுதான். செந்நாவல் நிறம் பூசினால் சின்ன வெங்காயம் தயார்.

இனி எல்லாவற்றுக்கும் இந்த 20 தான் நீதிபதி. 160 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பெண் 8 சென்ரிமீற்றர். அவருடைய தலை 1 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பெரும்பாலான பிள்ளைகள் தலையைத்தான் பெரிதாகச் செய்துவிடுகிறார்கள். தென்னையின் தண்டு ஒன்றரை சென்ரிமீற்றர் தடிப்பு, ஓலை 25 சென்ரிமீற்றர் நீளம். தேங்காய்க்குக் கொண்டைக்கடலை பொருந்தும். மனிதர்களை ஒருவர் தலைமேல் ஒருவராக நிறுத்தினால் தென்னையின் உச்சிக்கு ஏறக்குறைய 11 பேர் வேண்டும். இந்தக் கணக்கைச் செய்து பார்க்காமல் தென்னை செய்தவர்கள் எல்லாரும் பப்பாசி மரம்தான் செய்திருக்கிறார்கள்.

பலகை 4 அடிக்கு 2 அடி போதும். 20 ஆல் பெருக்கினால் 80 அடிக்கு 40 அடி, நம்முடைய காணிக் கணக்கில் ஏறக்குறைய 12 பேர்ச். ஓர் ஏக்கரில் 160 பேர்ச் இருப்பதால் முழுத் தோட்டமும் மேசையில் அடங்காது. ஒரு மூலைதான் அடங்கும். அதனால் 'வெங்காயத் தோட்டம்' என்று எழுதாமல் 'வெங்காயத் தோட்டத்தின் ஒரு மூலை' என்று எழுதிவிடுங்கள்.

அடுத்தது பயிர். சின்ன வெங்காயத்தைக் கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நடுவதாகக் கொண்டால், ஒரு சதுர மீற்றரில் 100 செடி. 3 மீற்றருக்கு 2 மீற்றர் பாத்தி ஒன்றில் 600. மேசையில் அந்தப் பாத்தி 15 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர்தான், ஆனாலும் 600 செடியும் அதற்குள் நிற்க வேண்டும். இருபது பாத்தி செய்யப் புறப்பட்டால் கண்காட்சி முடிந்து அடுத்த வருடம் வந்துவிடும். இங்கேதான் அறுவடை நமக்குக் கைகொடுக்கிறது. பெரும்பாலான பாத்திகள் ஏற்கெனவே பிடுங்கி முடிந்து வெறும் மண்ணாகக் கிடக்கின்றன. இரண்டு பாத்தியில் மட்டும் செடி நிற்கிறது, ஒன்றில் பாதி பிடுங்கியிருக்கிறது. சோம்பேறித்தனம் என்று ரீச்சர் சொன்னால், வேலை தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று சொல்லலாம்.

செடியின் தாளுக்குத் தென்னந் தும்பைவிட நல்ல பொருள் இல்லை. தும்பு நார் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர். 20 ஆல் பெருக்கினால் 5 மில்லிமீற்றர், அதாவது உண்மையான சின்ன வெங்காயத் தாளின் தடிப்பு! இரண்டு சென்ரிமீற்றராக வெட்டி, நாலைந்து நாரைச் சேர்த்து, அடியில் பைண்டர் கம் தொட்டு, இரண்டு மூன்று கடுகை ஒட்டுங்கள். சின்ன வெங்காயம் ஒன்றை நட்டால் அது பிரிந்து பல குமிழ்களாகத்தான் வளரும். ஆகவே ஒரு செடிக்கு ஒற்றைக் கடுகு ஒட்டினால் பிழை.

நிறத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. பெட்டியில் இருக்கும் பச்சையை அப்படியே எடுத்துப் பூசினால் அது அறுவடைக் காட்சி ஆகாது. முற்றிய வெங்காயத்தின் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வரும். கழுத்து மடங்கித் தாள் சாய்ந்துவிடும். ஏன் சாய்கிறது தெரியுமா? வெங்காயத்தின் கழுத்து உண்மையான தண்டு கிடையாது. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று சுற்றிப் பிடித்து நிற்பதுதான் அது. நடுவிலிருந்து புது இலை வந்துகொண்டே இருக்கும்வரை உள்ளே ஒரு முட்டு இருக்கும். செடி புது இலை விடுவதை நிறுத்தி, சேர்த்த உணவை எல்லாம் குமிழுக்கு அனுப்பத் தொடங்கியதும் கழுத்தின் நடு வெறுமையாகிவிடுகிறது. பிறகு காற்று லேசாகத் தள்ளினாலே போதும். விவசாயி நாட்காட்டியோடு சேர்த்து இந்தச் சாய்வையும் பார்த்துத்தான் பிடுங்குகிறார். ஆகவே நிற்கும் பாத்தியில் பெரும்பாலான நார்களைச் சாய்த்துவிடுங்கள்; சிலவற்றை மட்டும் நிமிர்ந்து நிற்க விடுங்கள்.

எந்தப் பக்கம் சாய்ப்பது? மனம் போன பக்கம் சாய்க்கக் கூடாது. நம்முடைய காட்சி ஓகஸ்ட் மாதத்தில் நடக்கிறது என்று வைப்போம். அப்போது கற்பிட்டியில் சோளகக் காற்று, தென்மேற்கிலிருந்து நாள் முழுக்க அடிக்கும். பலகையின் பின்பக்கத்தை வடக்கு என்று எடுத்தால் இடது கை மேற்கு, வலது கை கிழக்கு. காற்று நமக்கு இடப்பக்க முன் மூலையிலிருந்து வந்து வலப்பக்கப் பின் மூலைக்குப் போகிறது. வெங்காயத் தாள், தென்னை ஓலை, வேலை செய்பவரின் சாரத்து முனை, கிடுகு வேலியடியில் குவிந்த மணல் எல்லாம் அந்த ஒரே காற்றுக்குக் கட்டுப்பட வேண்டும். ஓலை ஒரு பக்கமும் சாரம் மறு பக்கமும் பறந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் எங்கேயோ இடிக்கிறது என்று மனசுக்குப் படும்.

ஓலையை வளைத்து ஒட்ட வேண்டும். நேராக ஒட்டிவிட்டு அது தன் பாரத்தால் தானாக வளையும் என்று காத்திருக்கக் கூடாது. 1638 இல் வெளியான தம்முடைய நூல் ஒன்றில் கலிலியோ இதற்கான காரணத்தை விளக்கியிருக்கிறார். ஒரு பொருளை 20 மடங்கு சுருக்கினால் அதன் வெட்டுமுகப் பரப்பு 20 தர 20, அதாவது 400 மடங்கு குறைகிறது. நிறையோ 20 தர 20 தர 20, அதாவது 8000 மடங்கு குறைகிறது. தாங்கும் வலு குறைவதைவிடச் சுமை மிக வேகமாகக் குறைந்துவிடுவதால் சின்னப் பொருள்கள் தம் அளவுக்கு மிஞ்சிய விறைப்போடு நிற்கின்றன. கடதாசியைச் சுருட்டிச் செய்த தென்னை ஆடாமல் அசையாமல் நிற்பது இதனால்தான். இதே 8000 ஐ வைத்து வேறொன்றும் கணக்கிடலாம். 50 கிலோ வெங்காய மூட்டை மேசையில் 6 கிராம் சொச்சம். 60 கிலோ மனிதர் ஏழரைக் கிராம்! களிமண்ணில் 8 சென்ரிமீற்றர் ஆள் செய்து தராசில் வைத்துப் பாருங்கள். ஆள் சரியான பருமனில் இருக்கிறாரா, ஊதிப்போயிருக்கிறாரா என்று தராசே சொல்லிவிடும். களிமண் மனித உடம்பைவிடச் செறிவானது என்பதால் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

ஆட்களை இரண்டு கையையும் விரித்து நிறுத்தாதீர்கள். வெங்காயம் பிடுங்குபவர் இடுப்பில் மடிந்து குனிந்திருப்பார், அல்லது குந்தியிருப்பார். மெல்லிய செப்புக் கம்பியில் எலும்புக்கூடு செய்து, முதலில் கம்பியை மட்டும் நிற்க வைத்துப் பாருங்கள். தலை முன்னே போகும்போது இடுப்பு பின்னே போகாவிட்டால் ஆள் முகங்குப்புற விழுந்துவிடுவார். உடம்பின் ஈர்ப்பு மையம் பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்ற விதி மாதிரிக்கும் மனிதருக்கும் ஒன்றுதான். சந்தேகமாக இருந்தால் சுவரோடு குதிக்காலை ஒட்டி நின்றுகொண்டு, முழங்காலை மடிக்காமல் தரையில் கிடக்கும் பேனையை எடுத்துப் பாருங்கள்.

பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டி, நாலு கம்பு நட்ட கொட்டிலில் தொங்க விடுங்கள். கூரைக்குப் பன்னாடையை வெட்டிப் போட்டால் இந்த அளவில் அசல் கிடுகு மாதிரியே இருக்கும். தொங்கவிடுவது அழகுக்காக இல்லை. கழுத்து காய்ந்து சுருங்கி மூடிக்கொண்டால் அழுக வைக்கும் பூஞ்சைக்கு உள்ளே போக வாசல் இல்லை. ஈரக் கழுத்தோடு மூட்டை கட்டினால் நட்டந்தான். கொட்டிலுக்குப் பக்கத்தில் கழுதை ஒன்றையும் நிறுத்தலாம். தோளுயரம் 5 சென்ரிமீற்றர். புத்தளம் மாவட்டக் காட்சி என்று அடையாளப் பலகை எழுதுவதைவிட அந்தக் கழுதை நன்றாகச் சொல்லும்.

இனிச் சுருங்க மறுக்கும் பொருள்களுக்கு வருவோம். கற்பிட்டி மணலையே அள்ளி வந்து பலகையில் கொட்டினால் எவ்வளவு இயல்பாக இருக்கும் என்று தோன்றும். கொட்டிப் பாருங்கள், கருங்கல் சல்லி பரப்பிய மாதிரி இருக்கும். மணல் பருக்கை ஒன்று அரை மில்லிமீற்றர். 20 ஆல் பெருக்கினால் 1 சென்ரிமீற்றர். சல்லிக் கல்லில் யார் வெங்காயம் நடுவார்? மெல்லிய சீலையில் சலித்து விழும் தூசி போன்ற மண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். தண்ணீர் விட்ட பாத்தி கருமையாகத் தெரியும். மண் துகள்களுக்கு இடையில் நீர் புகுந்ததும் ஒளி சிதறித் திரும்பி வருவது குறைகிறது, அதனால் இருளாகிறது. மாதிரியில் நிறமற்ற வார்னிஷ் பூசினால் துகள்களின் இடைவெளியை அது நிரப்பி, காயாத ஈரத்தைத் தந்துவிடும். இங்கே வார்னிஷும் தண்ணீரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

தண்ணீர் அதைவிடப் பிடிவாதம். 4 மில்லிமீற்றர் துளி ஒன்று நம்முடைய தோட்டத்தில் விழுந்தால் 8 சென்ரிமீற்றர் உருண்டையாக, ஆட்களின் அளவில் ஒரு தோடம்பழமாக நிற்கும். பரப்பு இழுவிசை நம் சுருக்கக் கணக்கை மதிப்பதில்லை. அதனால் தெளிப்புக் குழாயில் உண்மையான நீரைப் பாய்ச்சாமல், பஞ்சை மெலிதாக இழுத்து ஒட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. பலகையின் முன்பக்கத்தைக் கண்ணாடியாக்கி, ஈர மணல் நிரப்பி, கிணற்று நீர் மட்டத்தைக் காட்டலாம் என்று ஒருவர் யோசிப்பார். நல்ல யோசனைதான், ஆனால் நடக்காது. 4 மீற்றர் கிணறு மேசையில் 20 சென்ரிமீற்றர். மெல்லிய மணலில் மயிர்த்துளைக் கவர்ச்சியால் நீர் அந்த 20 சென்ரிமீற்றரையும் தானே ஏறிக் கடந்துவிடும். மேலிருந்து கீழ்வரை ஒரே ஈரம். மட்டம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் நிலத்தடியை வரைந்துதான் காட்ட வேண்டும்.

எதை வரைவது? மழைநீர் மணலுக்குள் இறங்கி, ஏற்கெனவே உள்ளே இருக்கும் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் ஒரு லீற்றர் 1000 கிராம், கடல்நீர் ஒரு லீற்றர் ஏறத்தாழ 1025 கிராம். 41 அடி உயர நன்னீர்த் தூணும் 40 அடி உயரக் கடல்நீர்த் தூணும் கீழே ஒரே அழுத்தத்தைத் தருகின்றன. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். அப்படியானால் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர் இருக்கலாம். 1888 அளவில் ஒல்லாந்தரான பாடன் கைபென் என்பவரும், 1901 இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. மணற்கரை உள்ள எந்த ஊருக்கும் இது வேண்டியது.

40 அடியை 20 ஆல் வகுத்தால் 2 அடி. மேசை விளிம்பிலிருந்து 2 அடிக்கும் கொஞ்சம் கூடுதலாக வெள்ளைச் சீலை ஒன்றைத் தொங்கவிட்டால் கண்காட்சிக்கு வருகிறவர் நிலத்தடியை நேர் அளவிலேயே பார்ப்பார். மேலே இளநீலம், கீழே கரும்பச்சை. எல்லைக்கோட்டை நேராகவே வரையுங்கள். புத்தகப் படத்தில் இந்த நன்னீர் நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த வில்லையாக இருக்கும். ஆனால் அந்த வில்லை கடலிலிருந்து களப்பு வரை குடாநாட்டின் முழு அகலத்துக்கும் உரியது. நம்முடைய 80 அடி மூலையில் அதன் வளைவு கண்ணுக்குத் தெரியாது. வில்லையைத் தனிக் கடதாசியில் வரைந்து பக்கத்தில் மாட்டுங்கள்.

பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் குவளையும் வையுங்கள். ஒரு லீற்றர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்துக் குவளையில் பாதி ஊற்றுங்கள். கரண்டியின் முதுகில் வழியவிட்டு, நிறம் கலந்த நன்னீரை மெல்ல மெல்ல மேலே சேர்த்தால் இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். பிறகு ஒரு உறிஞ்சு குழாயால் மேல் நீரை வேகமாக இழுத்துப் பாருங்கள். எல்லை கலங்கிக் கீழ் நீர் மேலே எழும். பெரிய நீர்ப்பம்பியை நாள் முழுக்க ஓட விட்டால் கிணறு உவராவது இப்படித்தான். நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால் கீழே உப்புநீர் 40 சாண் ஏற இடமாகிறது. பம்பியைக் கிணற்றடியில் வைக்கும்போது இதை ஒரு சின்ன அட்டையில் எழுதி நட்டுவிடுங்கள்.

சீலையில் இன்னொன்றும் வரைய வேண்டும். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, உரத்தையும் பிடித்து வைக்காது. போட்ட யூரியாவில் செடி எடுக்காத மிச்சம் நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சிய நீரோடு கீழே இறங்கி அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை; கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். பாத்தியிலிருந்து கீழே இறங்கும் சில செம்புள்ளிகள் போதும். பார்க்கிறவர் தானாகக் கேள்வி கேட்பார்.

பின்பக்கத் தட்டியில் வானமும் தூரத்துத் தென்னைகளும். குடாநாட்டின் காற்றாலை ஒன்றையும் வரைய ஆசை வரும். 80 மீற்றர் உயரம் என்று வைத்தால் 20 மடங்கு சுருக்கினாலும் 4 மீற்றர், கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் அது 2 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது அல்லவா? பார்ப்பவர் கண்ணிலிருந்து தட்டி 1 மீற்றர் தூரத்தில் இருந்தால் அந்தக் காற்றாலையின் உயரம் தட்டியில் 4 சென்ரிமீற்றர்தான். 80 ஐ 2000 ஆல் வகுத்து வரும் விடை அது. தூரத்தில் இருப்பதால் நிறத்தில் கொஞ்சம் வெண்மையும் நீலமும் கலந்து மங்கலாக்குங்கள்.

கடைசியாக வெளிச்சம். காலை 8 மணி, சூரியன் களப்புப் பக்கம், அதாவது நம் வலது கைப்பக்கம். ஓகஸ்ட் மாதத்தில் அந்த நேரத்து நிழல் ஏறக்குறைய ஆளைப்போல் இரண்டு மடங்கு நீளம். 8 சென்ரிமீற்றர் பெண்ணின் நிழல் 15 சென்ரிமீற்றர் விழும்படி விளக்கின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். தாள்கள் வலப்பக்கம் சாய்ந்திருக்க நிழல்கள் இடப்பக்கம் நீளும். விளக்கை முடிந்த அளவு தள்ளி வையுங்கள். கிட்ட வைத்தால் நிழல்கள் விசிறிபோல் விரிந்து, வெளிச்சம் சூரியனிலிருந்து வரவில்லை என்று காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவும் செய்து முடித்துவிட்டு இரவில் சும்மா விட்டுவிட்டுப் போகாதீர்கள். பசையைத் தேடி எறும்பு வரும். அரைச் சென்ரிமீற்றர் எறும்பு நம்முடைய தோட்டத்தில் 10 சென்ரிமீற்றர் நீளமாக, ஆறு காலோடு, வெங்காயம் பிடுங்கும் பெண்ணின் முழங்கைமேல் ஏறி நிற்கும். மேசைக் கால் நான்கையும் தண்ணீர் நிரப்பிய சிரட்டையில் வையுங்கள். சிரட்டை விளிம்பு மேசைக் காலைத் தொடக் கூடாது. தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்கார நீரும் விடுங்கள், இல்லாவிட்டால் பாரம் குறைந்த எறும்பு அதே பரப்பு இழுவிசையைப் பாலமாக்கி நடந்து வந்துவிடும்.